கொமாவைப் பற்றி மட்டும் கதைத்த மகனுக்கு

என் மகனுக்கு,

உன் மீதும் நீ இருக்கும் வீட்டின் மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நீ போனில் கோல் எடுத்தாய். முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்ட மிளகாயை நான் அள்ளிக்கொண்டிருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "உம்மா, மறியம் உங்கட மெசேஜக் காட்டினா" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கொமாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாய். எந்த இடத்தில் கொமா போடவேண்டும், எந்த இடத்தில் புள்ளி வைக்கவேண்டும், அங்குள்ளவர்கள் எதை எப்படிச் சொல்வார்கள், தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதுவதால் நமக்கு என்னென்ன கோளாறு வருகிறது என்றெல்லாம் விளக்கினாய். நல்லாகத்தான் விளக்கினாய். முடிவில், "இனிமே மறியத்துக்கு ஏதும் அனுப்புறண்டா முதல்ல எனக்கு அனுப்புங்க உம்மா. நான் கொமாவெல்லாம் போட்டுச் சரிப்படுத்தித் தாறன். அத அப்படியே அவக்கு அனுப்புங்க" என்றாய். நான் "ஓம் மகன்" என்றேன். நீ ஸலாம் சொல்லி வைத்துவிட்டாய். நான் திரும்பிப் பார்த்தபோது மிளகாய் பாதி நனைந்துவிட்டது.

அந்த "ஓம்" என்ற சொல்லைத் திரும்ப எடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் கதைக்கத் தொடங்கினால் நீ "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று என்னை முந்திக்கொண்டு போய்விடுவாய். கடிதமென்றால் முந்த முடியாது. இருந்து முழுக்க வாசிக்கத்தான் வேண்டும். எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. உனக்கு எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது வாசி.

கலியாணம் முடித்த வருஷம் மறியத்தை இங்கே கூட்டிக்கொண்டு வந்தாயே, அந்த இரண்டு கிழமையை நினைத்துப் பார். வாப்பா அப்போது நல்ல சுகமாக இருந்தார். ஐஸ் பெக்டரியில் வேலை முடிந்து வரும்போது ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு மீனை வாங்கிக்கொண்டு வந்தார், மருமகளுக்கு என்று. மறியம் சட்டியைப் பார்ப்பாள், உன்னைப் பார்ப்பாள், சோற்றுக் கோப்பையில் மீனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருப்பாள். எனக்கு விளங்கிவிட்டது. "முள்ளுக்குப் பயப்படுறா போல. நான் எடுத்துக் குடுக்கட்டா எண்டு கேளு மகன்" என்றேன். நீ அவளிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாய். அவள் உனக்கு மெதுவாக ஏதோ சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் தின்றாள். "என்ன சொன்னா?" என்று கேட்டேன். "நல்லா இரிக்காம் உம்மா" என்றாய். வாப்பாவுக்குச் சந்தோஷம். மறுநாள் அதைவிடப் பெரிய மீனோடு வந்தார்.

போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது, நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று. "மீன் உடம்புக்கு நல்லது, சாப்பிடு என்று உம்மா சொல்கிறா" என்றாயாம். அவள் உனக்குச் சொன்னது, "எனக்குத் தொண்டையில் முள் சிக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஆனால் உம்மாவின் மனம் நோகக் கூடாது" என்பதாம். நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாருக்கும் நோகக் கூடாது என்று நினைத்தாய். ஆனால் நானும் அவளும் எங்கள் முதல் பேச்சையே கதைக்கவில்லை மகன். நீதான் எங்கள் இரண்டு பேரோடும் கதைத்தாய்.

வாப்பா மவுத்தான பிறகு இந்த வீடு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கும்போதெல்லாம் "நல்லா இரிக்கி" என்றுதான் சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்வீட்டுக்குப் போவான். நீ ஒருத்தன்தான் என்று ஆனபோதே அது எனக்குத் தெரியும். மருதமுனைக்கோ நிந்தவூருக்கோ போவாய், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சைக்கிளில் வந்து சோறு தின்றுவிட்டுப் போவாய் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீ மன்செஸ்டருக்குப் போனாய். பக்கத்து வளவில் என் தங்கச்சி, உன் சாச்சி, அவளுக்கு மூன்று பெண்பிள்ளைகள். சுவருக்கு அந்தப் பக்கம் எந்த நேரமும் சத்தம். யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பக்கம் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். சாச்சி நல்லவள், ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்ப்பாள். எட்டிப் பார்ப்பவர்கள் திரும்பிப் போகத்தான் வேண்டும்.

அந்த நாட்களில்தான் மறியத்துக்கு மெசேஜ் அனுப்பத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், பாடசாலையில் படித்து ஓ.எல். பரீட்சையில் கோட்டை விட்ட இங்கிலீஷ். "You ate?" என்று அனுப்புவேன். சாப்பிட்டாயா என்றுதான் அர்த்தம். அவளுக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லையாம். சாப்பிட்டேனா இல்லையா என்று ஏன் உம்மா கணக்கெடுக்கிறா என்று யோசித்தாளாம். அங்கே அப்படிக் கேட்கமாட்டார்களாமே, எப்படி இருக்கிறாய் என்றுதான் கேட்பார்களாம். பிறகு பழகிவிட்டாள். "Yes Mum, toast" என்று வரும். "Yes Mum, rice!" என்று வரும். அவளுக்குத் தாய் இல்லை. என்னை மம் என்று கூப்பிட அவளாகத்தான் தொடங்கினாள், நான் கேட்கவில்லை. உன் பாடசாலைக் கால அகராதியை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, அவள் எழுதுகிற புதுச் சொல் ஒவ்வொன்றையும் தேடிப் பார்ப்பேன். பகலில் எனக்கு அதுதான் வேலை.

போன மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன், நீ பார்த்திருப்பாய். "Would you mind if I came and stayed with you for a while, Mum? Just me. Please don't tell him yet." தான் மட்டும் வந்து என்னோடு கொஞ்சநாள் இருக்கப்போகிறாள், அதை இப்போதைக்கு உனக்குச் சொல்ல வேண்டாம் என்கிறாள் என்பது விளங்கியது. முன்னால் இருந்த மைன்ட் என்ற சொல் மட்டும் புதிது. அகராதியில் பார்த்தேன். மனம் என்று இருந்தது. வந்து இருப்பதற்கு உங்களுக்கு மனமா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இப்படிக் கேட்க இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே பதில் எழுதினேன். "Yes. I mind very much." ஓம், எனக்கு முழு மனம். அதுதான் நான் எழுதிய அர்த்தம். மெசேஜுக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

பதில் வராததை நான் பெரிதாக எடுக்கவில்லை. டிக்கெட் போடுகிற அலுவலில் இருப்பாள் என்று நினைத்தேன். பின் அறைக்குப் பெயின்ட் அடித்தேன், வெள்ளையில் லேசாகப் பச்சை கலந்து. குந்துகிற கக்கூஸை உடைத்துக் கொமட் வைத்தேன். சாச்சி வந்து பார்த்துவிட்டு, "ஆருக்கு ராத்தா இவ்வளவு ஆயத்தம்?" என்று கேட்டாள். "மருமகள் வாறா, தனிய" என்றேன். "தனியவா? மகன் வரல்லியா?" என்றாள். "அவனுக்கு இன்னும் தெரியா, சொல்லிப்போடாத" என்றேன். அவளுடைய பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மூத்தவள் பின்னறைக்கு ஒரு திரைச்சீலை தைத்துக் கொண்டுவந்து போட்டாள்.

மழை தொடங்கியது. மறியத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை. "You ate?" என்று அனுப்பினால், "Yes" என்று மட்டும் வந்தது. மம் இல்லை, சோறு இல்லை, பாண் இல்லை. பிறகு அதுவும் நின்றுவிட்டது. உன்னிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன், "மறியத்துக்கு லீவு கீவு ஒண்டும் இல்லியா மகன்?" என்று. "இல்ல உம்மா, அவ வேலை செய்யிற பாடசாலையில விடமாட்டாங்க, கொஞ்சம் பிஸி" என்றாய். அவ்வளவுதான். மாரி முழுக்க அந்த அறைக் கதவு சாத்திக் கிடந்தது. பெயின்ட் வாசம் போகவில்லை. சாச்சியின் பிள்ளைகள் முதலில் "எப்ப மதினி வாற?" என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. நான் ஏதோ இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்ட ஆள் மாதிரி ஆகிப்போனேன். இந்தப் பிள்ளைக்கு என்னோடு கதைத்துச் சலித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று ஒரே கேள்வியைக் கேட்கிற மனுஷியோடு யார்தான் எவ்வளவு நாளைக்குக் கதைப்பது? என் இங்கிலீஷ் போதாது என்று நினைத்தேன்.

அதனால்தான் வகுப்புக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை, நீ சிரிப்பாய் என்று. கல்முனையில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டியூட்டரி. வெளிநாடு போக இருக்கிற பெண்பிள்ளைகளுக்கு அஸருக்குப் பிறகு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. படிப்பிப்பவள் பாண்டிருப்புப் பிள்ளை, தர்ஷினி மிஸ். முதல் நாள் என்னைப் பார்த்து, "ஆர விட வந்தனீங்க உம்மா?" என்று கேட்டாள். "என்னத்தான்" என்றேன். அவள் மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

ஒருநாள், காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னாள். நான் ஒரே மூச்சில் எழுதினேன், இங்கிலீஷில்தான். நான் எழும்பினேன், தொழுதேன், முற்றம் கூட்டினேன், தேத்தண்ணி போட்டேன், ஒருவரும் வரவில்லை, நானே குடித்தேன், கோப்பையைக் கழுவினேன். எல்லாவற்றுக்கும் நடுவில் கொமா. மிஸ் வாசித்துவிட்டு, "சொல்லெல்லாம் சரி உம்மா. ஆனா கொமாவால ரெண்டு வசனத்த ஒட்டேலா. இங்கிலீஷில அது பிழை. நாங்க கதைக்கக்குள்ள மூச்சு விடுற இடமெல்லாம் கொமா போட்டுடுவம். ஒவ்வொண்டும் தனி வசனம்தானே? புள்ளி வைங்க" என்றாள். என் கையாலேயே திருத்தி எழுதச் சொன்னாள். எழுதினேன். நான் தேத்தண்ணி போட்டேன், புள்ளி. ஒருவரும் வரவில்லை, புள்ளி. நானே குடித்தேன், புள்ளி. எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கு அந்தத் தாளைப் பார்க்க முடியவில்லை மகன். கொமா போட்டிருந்தபோது அது ஒரு நாள் பொழுது மாதிரி ஓடிக்கொண்டு போனது. புள்ளி வைத்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. மிஸ் எதையோ கண்டிருக்க வேண்டும். "வீட்ட ஆர் இருக்கிற உம்மா?" என்று கேட்டாள். "ஆக்கள் இருக்கிறாங்க, பக்கத்தில" என்றேன்.

மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில், மரியாதையாகக் கேட்பது எப்படி என்று ஒரு பாடம். மிஸ் வெள்ளைப் பலகையில் எழுதினாள், அந்த ஜன்னலைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று. மைன்ட் என்ற சொல் அதில் இருந்தது. முன்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று "யெஸ்" என்றது. மிஸ் சிரித்தாள். "அப்ப நீங்க திறக்க மாட்டீங்க. 'யெஸ்' எண்டா எனக்கு ஆட்சேபணை இருக்கு எண்டு அர்த்தம். இதுக்கு 'நோ' எண்டுதான் சொல்லணும். நோ எண்டாத்தான் ஓம்" என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு நான் மறியத்துக்கு அனுப்பிய பதில் ஞாபகம் வந்தது. வகுப்பு முடியும்வரை இருந்தேன். எல்லோரும் போன பிறகு போனை எடுத்து, அந்த மெசேஜைத் தேடி, மிஸ்ஸின் கையில் கொடுத்தேன்.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். "இத எப்ப உம்மா அனுப்பினீங்க?"

"மாரிக்கு முதல்."

"மறுகா அவங்க ஒண்டும் கேக்கல்லியா?"

"இல்ல மிஸ். நான் என்ன சொல்லியிருக்கிறன்? மறைக்காமச் சொல்லுங்க."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களோட வந்து இருக்கட்டா எண்டு கேட்டிருக்கிறாங்க உம்மா. நீங்க, எனக்கு அது கொஞ்சமும் விருப்பமில்ல எண்டு சொல்லியிருக்கிறீங்க."

மிஸ் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். "நான் எழுதித் தரட்டா உம்மா? அழகா எழுதி அனுப்புவம்" என்றாள். நான் வேண்டாம் என்றேன். பிழையாகச் சொன்னது நான், அதைச் சரியாகச் சொல்வதும் என் கையால்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். முதலில் "No come" என்று எழுதினேன். எனக்கு மறுப்பில்லை, வா என்று அர்த்தம் வைத்து. மிஸ் என் கையைப் பிடித்துவிட்டாள். "உம்மா, இத அனுப்பாதீங்க. 'நோ'வுக்குப் பிறகு கொமா இல்லாட்டி, வராத எண்டு போயிடும்." அந்தச் சின்னக் கோட்டை எங்கே தட்டுவது என்று எனக்கு விரல் ஓடவில்லை. அவள் காட்டித் தந்தாள். கடைசியில் அனுப்பியது இதுதான், நீ நேற்றுப் பார்த்துச் சிரித்ததும் இதைத்தான். "Mariyam, I did not know the word mind, I thought it is heart. My answer is no, I don't mind, come." இதிலும் ஒரு கொமா பிழை, ஒரு இடத்தில் சொல் பிழை என்று மிஸ் சொன்னாள். "திருத்தட்டா?" என்று கேட்டாள். "அவக்கு விளங்குமா?" என்றேன். யோசித்துவிட்டு, "விளங்கும் உம்மா" என்றாள். அப்படியே அனுப்பிவிட்டோம்.

அன்று பதில் வரவில்லை. மறுநாள் லுஹர் தொழுதுவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது போன் அடித்தது. மறியம். வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து எடுத்திருந்தாள். முதலில் அவள் அழுவது மட்டும்தான் கேட்டது. பிறகு, "நீங்கள் வேண்டாம் என்று சொன்னதாகத்தான் நினைத்தேன், அவ்வளவு நடந்த பிறகும்" என்றாள். இங்கிலீஷில்தான், ஆனால் எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். எது நடந்த பிறகு என்று கேட்டேன். "அவர் உங்களிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டாள். என்ன சொல்ல என்று கேட்டேன். பேபி என்றாள். அந்தச் சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

ஐந்தாம் மாதம் என்றாள். பெண்பிள்ளை என்றாள். அடக்கினோம் என்றாள். உம்மா உனக்காகத் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறா என்று நீ அவளிடம் சொன்னாயாம். அவள், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்த மாமியார் ஒருத்தி, தாயில்லாத பிள்ளை வந்து மடியில் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறாள். அதை உன்னிடம் காட்டினால் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் சண்டை வரும் என்று அவள் யாருக்கும் காட்டவில்லை. உனக்கு நோகக் கூடாது என்று அவள் மறைத்தாள். எனக்கு நோகக் கூடாது என்று நீ மறைத்தாய். நான் இங்கே ஒரு அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, அவளுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பஸ் நிற்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் கதைத்தோம். கதைத்தோம் என்று சொல்கிறேன், பாதி அழுகைதான். நான் தின்ன உட்கார்ந்த சோறு காய்ந்து போய்விட்டது.

இப்போது அவளுக்கு லீவு எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே பாடசாலை பெரிய விடுமுறை விடும்போது வரப்பார்க்கிறேன் என்கிறாள், இன்ஷா அல்லாஹ். சில நாட்களில் அந்த பஸ்ஸிலிருந்து கோல் எடுப்பாள். மீன் கதையை அப்படி ஒருநாள்தான் சொன்னாள். நான் சொல்வதில் பாதி அவளுக்கும், அவள் சொல்வதில் பாதி எனக்கும் விளங்குவதில்லை. விளங்காவிட்டால் திருப்பிக் கேட்கிறோம். திருப்பிக் கேட்க முடிகிறது, அதுதான் பெரிய காரியம். அதனால்தான் சொல்கிறேன், என் மெசேஜை நீ திருத்த வேண்டாம். அழகாகத் திருத்தினால் அது உன் மெசேஜ் ஆகிவிடும். அவளுக்கு ஏற்கெனவே நீ இருக்கிறாய். கொமாவை நான் மிஸ்ஸிடம் படித்துக்கொள்கிறேன், கிழமையில் மூன்று நாள் வகுப்பு இருக்கிறது, பஸ்ஸுக்கும் பழகிவிட்டேன். உன் மனைவியோடு வாழ்க்கை நடத்துவது பற்றி எனக்குத் தெரிந்த ஒரே புத்திமதியும் இதுதான். அவள் சொல்வதை மற்றவர்களுக்கு நல்லதாக மாற்றிச் சொல்லாதே, மற்றவர்கள் சொல்வதை அவளுக்கு நல்லதாக மாற்றிச் சொல்லாதே. நோகிற சொல்லென்றால் நோகட்டும். நொந்தவர்கள் கேட்டுத் தெளிவார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை இருந்தது. அதுவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று, வாப்பா ஏணியை எடுத்து வைத்துக் கூரையில் ஏறி ஓடு மாற்றத் தொடங்கினார். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை இறங்கவில்லை. ஒரு ஓடும் உடைந்திருக்கவில்லை மகன். நான் உள்ளே படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவருக்குக் கவலையில்லை என்று நான் நினைத்த வருஷங்களும் இருந்தன. ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிக் காலத்தில், ஒரு காலையில் கஞ்சி பருக்கும்போது, "மூத்த புள்ள இருந்திருந்தா இப்ப..." என்று தொடங்கினார். நான் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்ஸ் வந்து மருந்தைக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மிச்சத்தைச் சொல்லவேயில்லை. இருந்திருந்தால் என்ன என்று நான் இப்போதும் சில நேரம் யோசிப்பேன்.

நேற்று நீ கொமாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டே போனபோது எனக்கு அந்தக் கூரைச் சத்தம்தான் கேட்டது. மறியம் என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாள் என்று உனக்குத் தெரியும், அவளே உன்னிடம் சொன்னாளாம். எனக்குத் தெரியும் என்பதைத் தெரிந்துகொண்டே, நீ சிரித்துக்கொண்டு வேறொன்றைக் கதைத்தாய். நான் கோபிக்கவில்லை. வாப்பாவோடு இவ்வளவு காலம் இருந்தவளுக்கு இது விளங்காதா? உன்னால் முடியவில்லை, அவ்வளவுதான். நானும் உன்னைக் கேட்கவில்லை. ஓம் மகன் என்று சொல்லிவிட்டு மிளகாயை அள்ளப் போய்விட்டேன். அப்படிப் பார்த்தால் நானும் உன் ஆள்தான்.

அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தீர்களாம். நீதான் தெரிவு செய்தாயாம். அன்று பஸ்ஸில் மறியம் அந்தப் பெயரைச் சொல்ல வந்தாள். நான் தடுத்துவிட்டேன். நீ சொல்லாதே, என் மகன் சொல்லட்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது, அவளுக்கு விளங்கியது. என் பேத்தியின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. துஆ கேட்கும்போது, என் மகனின் மகள் என்றுதான் சொல்கிறேன். அல்லாஹ்வுக்கு ஆளைத் தெரியும். எனக்குத்தான் பெயர் வேண்டும்.

மறியம் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் நீ தனியே இருக்கிற ஒரு நேரம் பார்த்து எடு. ஸலாம் சொல்லிவிட்டு உடனே சொல்ல வேண்டியதில்லை. வாய் வரும்வரை சும்மா இரு. அழுதால் அழு. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பேன், குறுக்கே ஒன்றும் கதைக்கமாட்டேன். நீ அவளுடைய பெயரைச் சொல்லு, மகன்.

உன் உம்மா